மூன்று கால் முள்ளெலிக்கு ஒரு தோட்டம்: முழுமையான வழிகாட்டி

முள்ளெலிக்கு அரிப்பு எடுத்தால் நாயைப் போலப் பின்னங்காலைத் தூக்கிச் சொறிந்துகொள்ளும். வலது பின்னங்கால் இல்லாத முள்ளெலிக்கு வலது காதோரம் அரித்தால்? எங்கள் தோட்டத்துக்கு முதலில் வந்த வள்ளிக்கு அந்தக் கால்தான் இல்லை. வந்த மூன்றாம் இரவு, கேமராவில் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். தலையைச் சாய்த்தாள். கால் இருந்த இடத்தில் மிச்சமிருந்த சிறு குமிழ் மட்டும் படபடவென்று காற்றில் ஆடியது. அது காதைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் சாப்பிடப் போய்விட்டாள்.

காயம்பட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் மீட்பு மையத்திலிருந்து, காட்டுக்குத் திரும்ப முடியாத முள்ளெலியைத் தத்தெடுத்து அடைத்த தோட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை. அது உண்மையில் என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இல்லாமல் போன காலின் வேலையை, கண்ணின் வேலையை, வேறு யாராவது செய்து கொடுக்க வேண்டும். மற்றதை எல்லாம் முள்ளெலி தானே பார்த்துக்கொள்ளும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. நான் சொல்வது உடம்பெல்லாம் நீள முள் கொண்ட முள்ளம்பன்றியைப் பற்றி அல்ல. இரண்டு கைக்குள் அடங்கும், ஆபத்து வந்தால் பந்தாகச் சுருளும் முள்ளெலியைப் பற்றி. அதிலும் பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் காட்டு விலங்காக வாழும் ஐரோப்பிய முள்ளெலியைப் பற்றி. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் இருப்பது வேறு இனம். வீட்டில் செல்லமாக வளர்க்க விற்கப்படும் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலியும் வேறு. இங்கே சொல்லும் உணவு, கூடு, குளிர்காலக் கணக்கு எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

ஏன் இவற்றுக்குத் தோட்டம் தேவை

பிரிட்டனில் மீட்பு மையங்களுக்கு வரும் காயங்களில் பல மனிதரால் வந்தவை என்று சொன்னால் அங்கே வேலை செய்யும் யாரும் மறுக்க மாட்டார்கள். புல் வெட்டும் ஸ்டிரிம்மர், கால்பந்து வலை, பழச்செடிகளுக்குப் போடும் வலை, நாய்க் கடி, கார். ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டு கிடப்பதுதான் முள்ளெலியின் தற்காப்பு. நரியிடம் அது பலிக்கும், ஸ்டிரிம்மரிடம் பலிக்காது. வலையில் மாட்டிய கால் இரத்த ஓட்டம் நின்று செத்துப்போகும். அப்புறம் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நல்ல உடம்புள்ள முள்ளெலி ஓர் இரவில் 1 முதல் 2 கிலோமீட்டர் வரை நடக்கும். சாலை கடக்கும், வேலி ஏறும், குட்டையில் நீந்தும். மூன்று காலோடும் கண் இல்லாமலும் அந்த வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பினால் பல முள்ளெலிகள் தாக்குப்பிடிக்காது. கூண்டிலேயே வைத்திருப்பதும் கொடுமை. இரவெல்லாம் நடக்கப் பிறந்த உயிர் அது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நாலா பக்கமும் அடைத்த தோட்டம். 2020-ல் பிரிட்டனின் பாலூட்டிகளுக்கான சிவப்புப் பட்டியல் முள்ளெலியை அழியும் ஆபத்துக்கு உள்ளானது என்று வகைப்படுத்தியது. 2024-ல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலிலும் அதன் நிலை ஒரு படி மோசமாக மாற்றப்பட்டது.

படி 1: இந்த வாழ்க்கை அதற்கு நியாயமா என்று கேளுங்கள்

தத்தெடுக்கும் ஆசையில் பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. காட்டு விலங்கைக் காலம் முழுவதும் அடைப்புக்குள் வைப்பதே தவறு, விடுவிக்க முடியாவிட்டால் வலியில்லாமல் கருணைக்கொலை செய்வதுதான் சரி என்று சொல்லும் கால்நடை மருத்துவர்களும் அமைப்புகளும் உண்டு. அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வலியோடு இழுத்துக்கொண்டு வாழ்ந்த விலங்குகளைப் பார்த்தவர்கள்.

என் கருத்து இது: எந்த உறுப்பு போனது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பின்னங்கால் ஒன்று இல்லாத முள்ளெலி நன்றாகவே நடக்கும், வேகமாக ஓடக்கூடச் செய்யும். ஒரு கண் போனது பெரிய குறையே அல்ல. இரண்டு கண்ணும் போனாலும் மூக்கும் காதும் இருக்கின்றன, அவற்றை நம்பித்தான் முள்ளெலி வாழ்கிறது. முன்னங்கால் இல்லாததுதான் சிக்கல். தோண்டுவது, இலை சேர்த்துக் கூடு கட்டுவது, உடம்பின் முன்பாரத்தைத் தாங்குவது எல்லாம் முன்னங்கால் வேலை. இரண்டு கால் இல்லாதது, சுருளவே முடியாதது, ஓயாமல் வட்டமடித்துக்கொண்டே இருப்பது ஆகியவற்றைத் தோட்டத்துக்கு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் மீட்பு மையம் அப்படி ஒன்றைத் தர முன்வந்தால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், உங்கள் பொறுப்பில் அடைத்து வைத்த நிமிடத்திலிருந்து 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தும். தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, தேவைக்கேற்பத் துணையோ தனிமையோ, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு என்ற ஐந்தையும் நீங்கள் தர வேண்டும். தெருவில் கண்ட முள்ளெலியை நீங்களாகவே பிடித்துத் தோட்டத்தில் விடுவது தத்தெடுப்பு ஆகாது. மீட்பு மையம் வழியாக மட்டுமே செய்யுங்கள்.

படி 2: வேலியை அடைக்கும் முன் இரண்டு வாரம் காத்திருங்கள்

பிரிட்டன் முழுக்க இப்போது நடக்கும் பிரசாரம், வேலியில் 13 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஓட்டை விடுங்கள், முள்ளெலிகள் தோட்டம் விட்டுத் தோட்டம் போகட்டும் என்பது. மிக நல்ல பிரசாரம். நாம் செய்யப் போவது அதற்கு நேர் எதிர், எல்லா ஓட்டையையும் அடைக்கப் போகிறோம். அதனால்தான் இந்தக் காத்திருப்பு.

உங்கள் தோட்டம் ஏற்கெனவே யாரோ ஒரு முள்ளெலியின் வழித்தடமாக இருக்கலாம். இரவில் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றைத் தரையோடு தரையாக வைத்து இரண்டு வாரம் பாருங்கள். காலையில் புல்லில் கருகருவென்று பளபளக்கும், விரல் கனமுள்ள எச்சம் கிடக்கிறதா என்று தேடுங்கள். அதில் வண்டுகளின் ஓட்டுத் துண்டுகள் மின்னும். காட்டு முள்ளெலிகள் வந்து போனால் முழுத் தோட்டத்தையும் அடைக்காதீர்கள். ஒரு பகுதியை மட்டும் பலகை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காப்பாற்ற நான்கின் வழியை மறிப்பதில் அர்த்தமில்லை. கோடையில் அடைத்தால் உள்ளே குட்டி போட்ட தாய் வெளியே மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

படி 3: வேலி

முள்ளெலி ஏறும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கம்பி வலை அதற்கு ஏணி மாதிரி. ஏறிவிட்டுச் சுருண்டு விழும், முள் அடியைத் தாங்கிக்கொள்ளும். மூன்று காலுள்ளதும் ஏறும், ஆனால் விழும்போது நல்ல காலிலேயே அடிபடலாம். ஆகவே கம்பி வலை வேண்டாம். செங்கல் சுவர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லையென்றால் கால் பிடிப்பு கிடைக்காத வழுவழுப்பான பலகை.

அடியில் மண்ணோடு சேரும் இடம்தான் முக்கியம். வேலிக்கு அடியில் கான்கிரீட் பலகையோ தடித்த மரப்பலகையோ மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கி நிற்கட்டும். முள்ளெலி பார்க்க உருண்டையாக இருந்தாலும் அந்த உருண்டையில் பெரும்பகுதி முள்ளும் தளர்ந்த தோலும்தான். தலை நுழைந்த இடத்தில் உடம்பு நுழைந்துவிடும், நுழையாமல் மாட்டிக்கொண்டால் அது இன்னும் மோசம். மூன்று விரல் சேர்த்து வைத்தால் போகும் இடைவெளி எங்கே இருந்தாலும் அடையுங்கள். அதிகம் விட்டுப்போகும் இடம் கேட்டின் அடிப்பக்கம். கேட்டுக்குக் கீழே ஒரு கல் படியோ ரப்பர் பட்டையோ வையுங்கள். தபால்காரர், எரிவாயு மீட்டர் பார்க்க வருபவர், பந்து எடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை என எல்லோரும் கேட்டைத் திறந்துவிட்டுப் போவார்கள். தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் போட்டுவிடுங்கள்.

படி 4: முழங்காலில் இறங்கி ஒரு சுற்று

நின்றுகொண்டு பார்த்தால் தோட்டத்தின் ஆபத்துகள் தெரியாது. முழங்கால் போட்டு, முகத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து வேலியோரமாக ஒரு முழுச் சுற்று வாருங்கள். கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள குறுகல் சந்து, மூடியில்லாத சாக்கடை, ஜன்னலடிப் பள்ளம், வீட்டுப் பின்வாசல் படி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். எந்தக் குறையுள்ள முள்ளெலி வருகிறதோ, அதன் உடம்போடு நடங்கள். இந்தப் படியில் ஏறுவதற்கு எந்தக் கால் வேண்டும்? இந்தப் பள்ளத்தின் விளிம்பு மூக்குக்கு முன்கூட்டியே தெரியுமா?

குட்டை இருந்தால், நல்ல முள்ளெலி நீந்தி ஓரத்துக்கு வரும், ஏற வழியில்லாமல்தான் மூழ்கும். மூன்று கால் முள்ளெலிக்குச் சொரசொரப்பான, நிதானமான சாய்வுப் பலகை ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். கண் இல்லாததற்கும் தலை சாய்ந்து நடப்பதற்கும் நான் குட்டையே வேண்டாம் என்பேன். மூடிவிடுங்கள், அல்லது அந்தப் பகுதியைப் பிரித்துவிடுங்கள்.

வலை எதுவாக இருந்தாலும் சுருட்டி உள்ளே வையுங்கள். ஸ்டிரிம்மர் அந்தத் தோட்டத்துக்குள் வரவே கூடாது. புல் வெட்டும் முன் கையால் விலக்கிப் பாருங்கள். இரவில் தானாக ஓடும் ரோபோ புல்வெட்டியை விட்டொழியுங்கள். எலி விஷம், பூச்சிக்கொல்லி, நத்தை மருந்து எதுவும் கூடாது. மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மருந்தைத் தோட்டத்தில் பயன்படுத்த 2022 ஏப்ரல் முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் தடை. ஆனால் பழைய டப்பா ஒன்று கொட்டகையில் கிடக்கலாம், பாருங்கள். பிரிட்டனில் நவம்பர் 5 இரவு பெரிய நெருப்பு மூட்டிக் கொண்டாடும் திருவிழாவுக்கு விறகை முன்கூட்டியே அடுக்கி வைக்கும் பழக்கமிருந்தால் நிறுத்துங்கள். அந்தக் குவியலைப் பார்க்கும் முள்ளெலி அதை வீடு என்றுதான் நினைக்கும். நாய் வளர்ப்பவர்கள் இரவில் சங்கிலி இல்லாமல் வெளியே விடக் கூடாது.

அதே நேரம் தோட்டத்தைத் துடைத்து வைத்து விடாதீர்கள். ஒரு மூலையில் மரக்கட்டைக் குவியல், வேலியோரம் வெட்டாத புல், இலைக்குப்பை எல்லாம் இருக்கட்டும். வண்டு வேண்டுமே.

படி 5: கூடும் சாப்பாட்டுப் பெட்டியும்

கூட்டுக்கு உள்ளளவு தோராயமாக 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் இருக்கட்டும். வாசல் 13 சென்டிமீட்டர். வாசலுக்கு நேரே உள்ளே தடுப்புப் பலகை ஒன்று வைத்தால் பூனை கையை விட்டுத் துழாவ முடியாது. பின்னங்கால் இல்லாதவற்றுக்கு வாசல்படியே கூடாது. பெட்டியின் தரையும் தோட்டத்துத் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும்.

உள்ளே போட உலர்ந்த அகன்ற இலைகளே நல்லது. முள்ளெலி அவற்றை வாயில் கவ்விக் கொண்டுவந்து, உள்ளே சுழன்று சுழன்று, ஒன்றன் மேல் ஒன்றாகச் செதில் மாதிரி அடுக்கிக்கொள்ளும். நீளமான உலர்புல் இழைகள் காலைச் சுற்றி இறுக்கிவிடலாம், சுற்றியதை அவிழ்க்க இன்னொரு கால் இல்லாததற்கு அது பெரிய ஆபத்து. முன்னங்கால் பலவீனமானவற்றுக்கு இலையை நீங்களே பாதிப் பெட்டி நிரப்பிக் கொடுத்து, மீதியை வாசலருகே குவித்து வையுங்கள். தானாக இழுத்துப் போட்ட கொஞ்சமாவது இருந்தால்தான் அது தன் கூடு என்று நம்புகிறதோ என்னவோ, உறக்கம் நன்றாக இருக்கிறது.

குறைந்தது இரண்டு கூடுகள் வையுங்கள். முள்ளெலி அடிக்கடி கூடு மாற்றும். சாப்பாட்டுப் பெட்டி கூட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும், கொஞ்சம் நடக்க வேண்டும்.

கண் தெரியாத முள்ளெலிக்கு ஒரு கூடுதல் விதி: வைத்ததை வைத்த இடத்திலேயே வையுங்கள். தோட்டத்தின் வரைபடம் முழுதும் அதன் மூக்கில் இருக்கிறது. ஒரு வசந்த காலத்தில் பூந்தொட்டிகளை வேறு வரிசையில் மாற்றி வைத்தேன். அன்று இரவு எங்கள் குருட்டு முத்து தொட்டிக்குத் தொட்டி முட்டி, நின்று, மோந்து, திரும்பி, ஒரு மணி நேரமாகியும் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பழையபடி வைத்துவிட்டேன். அதன்பிறகு எதையும் மாற்ற வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

படி 6: யாரோடு யார்

முள்ளெலி தனித்து வாழும் விலங்கு. துணை இல்லாமல் ஏங்கும் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இரண்டு ஆண்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வரும், அதில் கால் குறைந்தது ஓடவும் முடியாது. ஆணும் பெண்ணும் வேண்டவே வேண்டாம். ஆண் பெண்ணைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் தொந்தரவு செய்யும். சராசரியாக நான்கைந்து குட்டிகள் பிறக்கும். கலைந்துபோன தாய் குட்டிகளைக் கைவிடும், தின்றும் விடும். இரண்டு பெண்கள் பெரிய தோட்டத்தில், தனித்தனிக் கூடும் தனித்தனிச் சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். முதல் தடவையாகச் செய்பவர்கள் ஒன்றோடு தொடங்குங்கள்.

படி 7: வரும் நாள்

மையத்திலிருந்து வாங்கும்போது இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அறுவை சிகிச்சை நடந்த தேதி, இன்றைய எடை, ஆணா பெண்ணா, புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், இப்போது என்ன சாப்பிடுகிறது, சிக்கல் வந்தால் எந்த மருத்துவரிடம் போக வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் முள்ளெலி பழக்கமிருக்காது.

அது படுத்திருந்த பழைய படுக்கையில் ஒரு பிடி கேட்டு வாங்கி, புதுக் கூட்டுக்குள் போடுங்கள். அந்தி சாயும் நேரத்தில் கூட்டுக்குள் விட்டு, வாசலில் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். கடுங்குளிரில் கொண்டுவராதீர்கள், இரவுகள் இதமான பிறகு போதும்.

முதல் வாரத்தில் ஒரு காட்சி உங்களைப் பயமுறுத்தலாம். புது வாசனை ஏதாவது கிடைத்தால் முள்ளெலி அதை மென்று, வாயில் நுரை பொங்க, உடம்பை முறுக்கித் திரும்பி நாக்கால் அந்த நுரையை முதுகு முள்ளில் பூசும். வலிப்பு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது முள்ளெலியின் இயல்பு. மூன்று கால் முள்ளெலி இதைச் செய்யும்போது பக்கவாட்டில் சாய்ந்து விழும், எழுந்து மறுபடியும் பூசும்.

படி 8: சாப்பாடு

இறைச்சி உள்ள பூனை அல்லது நாய் உணவு, பூனைக்குட்டிகளுக்கான உலர் உணவு, கிண்ணம் நிறையத் தண்ணீர். அவ்வளவுதான். பாலும் ரொட்டியும் கூடாது. பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும், சின்ன உடம்பு அதைத் தாங்காது. கடைகளில் முள்ளெலிப் படம் போட்டு விற்கும் உலர்ந்த மீல்வார்ம் புழுக்களையும் தவிருங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். தொடர்ந்து தின்றால் எலும்பு பலவீனமாகும். மூன்று காலில் முழுப் பாரத்தையும் தாங்கும் விலங்குக்கு எலும்பு பலவீனமானால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேர்க்கடலைக்கும் சூரியகாந்தி விதைக்கும் இதே பதில்தான்.

அடைத்த தோட்டத்தில் எவ்வளவு வண்டு இருந்தாலும் போதாது. எனவே வருடம் முழுவதும், ஒவ்வொரு இரவும் சாப்பாடு வைக்க வேண்டும். ஊருக்குப் போனால் யார் வைப்பார்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பதில் இல்லையென்றால் தத்தெடுப்பைத் தள்ளிப் போடுங்கள்.

படி 9: வாரம் ஒரு முறை கையில் எடுத்துப் பார்ப்பது

பார்த்துப் பார்த்துக் கொஞ்சக் கூடாது, அது காட்டு விலங்கு என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் குறையுள்ள முள்ளெலியை வாரம் ஒரு முறை கையில் எடுத்தே ஆக வேண்டும். அது தன்னைத் தானே சுத்தம் செய்ய முடியாத இடங்களை நாம் பார்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முள்ளுக்காக மட்டுமல்ல, முள்ளெலியிடமிருந்து படர்தாமரையும் சால்மோனெல்லாவும் நமக்குத் தொற்றும்.

சாப்பாட்டுக்கு வெளியே வரும் நேரத்தில் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். சுருண்டுகொள்ளும். பிரிக்க முயலாதீர்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டுச் சமையலறைத் தராசில் எடை பாருங்கள், கிண்ணத்தின் எடையைக் கழித்து எழுதுங்கள். வளர்ந்த முள்ளெலி பெரும்பாலும் 600 கிராமிலிருந்து 1200 கிராமுக்குள் இருக்கும். இந்த எண்ணைவிட முக்கியம் போன வாரத்து எண். வள்ளி 840-லிருந்து 790-க்கு இறங்கியபோது நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. மருத்துவரிடம் எச்சத்தைக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புழு. நத்தை தின்பதால் வருவது. இருமல் தொடங்கும் முன்பே எழுதி வைத்த நோட்டுதான் காட்டிக்கொடுத்தது.

எடை பார்த்ததும் அமைதியாக இருங்கள். ஒரு நிமிடத்தில் முன்பக்க முள் தளரும், நெற்றி விரியும், ஈரமூக்கு வெளியே வரும். பின்பக்க முள்ளை வாலிலிருந்து முதுகுப் பக்கமாக மெதுவாக வருடினால் இன்னும் விரியும். அப்போது பாருங்கள்:

கால் இல்லாத பக்கத்துக் காது. இந்தப் படி எல்லாமே இதற்காகத்தான். சொறிய முடியாத காதில் சிற்றுண்ணிகள் பெருகும், மெழுகு உறைந்து பழுப்பாகப் பொருக்குக் கட்டும், உள்ளே சீழ் வைக்கும். ஈரப் பஞ்சால் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். உள்ளே எதையும் நுழைக்காதீர்கள். பொருக்கும் நாற்றமும் இருந்தால் மருத்துவர். அந்தப் பக்கத்துக் கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் உண்ணி ஒளிந்திருக்கும். உண்ணி எடுக்கும் கொக்கி வாங்கி, தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகி எடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம்.

வெட்டிய காலின் முனை. காலைத் தோளோடு அல்லது இடுப்போடு எடுத்திருந்தால் தொல்லை குறைவு. துண்டு மிச்சமிருந்தால் அது தரையில் உரசிப் புண்ணாகும். சிவந்திருந்தாலே காட்டிவிடுங்கள்.

நகம். நல்ல கால்களின் நகம் நடக்கும்போதே தேயும். சாய்ந்து நடப்பதால் ஒரு காலில் தேயாமல் நீண்டு, சுருண்டு, பாதத்தில் குத்தலாம். வெட்டுவதை முதல் தடவை மையத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பழைய பல் துலக்கியை வைத்திருக்கிறேன். பார்த்து முடித்ததும் அதை எடுத்து வள்ளியின் வலது காதுக்குப் பின்னால், முள் முடிந்து முடி தொடங்கும் இடத்தில் மெல்லத் தேய்ப்பேன். காலின் குமிழ் உடனே ஆடத் தொடங்கும், தேய்ப்பு எப்படிப் படுகிறதோ அந்தத் தாளத்துக்கு.

படி 10: உடனே ஓட வேண்டிய நேரங்கள்

பகலில் வெட்டவெளியில் படுத்திருந்தால், தள்ளாடினால், தொட்டால் சில்லென்று இருந்தால் காத்திருக்காதீர்கள். உயரமான அட்டைப்பெட்டியில் துண்டு போட்டு, இன்னொரு துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைத்து, மையத்துக்குப் போன் செய்யுங்கள். உடம்பு சூடேறும் முன் எதுவும் ஊட்டாதீர்கள். வெந்நீர்ப் பை ஆறிவிட்டால் அதுவே குளிரவைக்கும், மாற்றிக்கொண்டே இருங்கள். முழுக் குருடான முள்ளெலி மட்டும் இதில் விலக்கு, அதற்குப் பகல் இரவுக் கணக்கு குழம்பி, நல்ல உடம்போடே மதியத்தில் உலாத்தலாம். அதன் வழக்கம் எது என்று உங்கள் நோட்டைப் பார்த்தால் தெரியும்.

கோடையில் முள் நடுவிலோ புண்ணிலோ வெள்ளையாக, பொடி அரிசி மாதிரி கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. ஒரே நாளில் புழுவாகிவிடும். இடுக்கியால் எடுத்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். எச்சம் பச்சையாக, கோழையாக ஓரிரு நாள் தொடர்ந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படி 11: குளிர்காலம்

மூன்று கால் என்பதற்காக வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக வைக்க வேண்டாம். உடம்பும் எடையும் நன்றாக இருந்தால் உறங்கவிடுங்கள். பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை உறங்கும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 190 அளவிலிருந்து 20 அளவுக்கு இறங்கிவிடும். எழும்போது எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அதனால்தான் இலையுதிர் காலத்தில் 600 கிராமுக்குக் கீழே இருந்தால் மையத்தோடு பேசச் சொல்கிறேன்.

தொடர்ந்து பல இரவுகள் சாப்பாடு தொடாமல் இருந்தால் உறங்கப் போய்விட்டது என்று பொருள். கூட்டைத் திறந்து பார்க்காதீர்கள். எழுப்பிவிட்டால் அந்த ஒரு எழுச்சிக்கே நிறையக் கொழுப்பு செலவாகும். வாசலில் ஒரே ஒரு காய்ந்த இலையைக் குறுக்கே சாய்த்து வையுங்கள். இலை நின்றால் உள்ளே இருக்கிறது. விழுந்தால் வந்து போயிருக்கிறது. குளிர்காலத்திலும் நடு நடுவே விழித்து எழும், ஆகவே உலர் உணவும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும், உறைந்த தண்ணீரைக் காலையில் மாற்றுங்கள்.

மார்ச் வாக்கில் ஒரு காலை இலை விழுந்து கிடக்கும், கிண்ணம் காலியாக இருக்கும். அன்றைக்கே சாப்பாட்டைக் கூட்டிவிடுங்கள். இரண்டு மூன்று இரவு நன்றாகச் சாப்பிடவிட்டு, பிறகு கையில் எடுத்து எடை பாருங்கள். குளிர்காலம் முழுக்க யாரும் சொறிந்துவிடாத அந்தக் காதை முதலில் பாருங்கள்.